நைட்டிங்கேல் பள்ளி எந்தக் கட்டடம்?

கேள்வி: லண்டனில் தேம்ஸ் கரையோரம், நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கும் மருத்துவமனைப் படத்தைப் போட்டு, ‘1860இல் நைட்டிங்கேல் செவிலியர் பள்ளி தொடங்கிய கட்டடம்’ என்கிறார்களே, சரியா?

பதில்: தவறு. அந்தக் கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை திறக்கப்பட்டதே 1871இல்தான். பள்ளி தொடங்கிய 1860 ஜூலையில் மருத்துவமனை சதக்கில், லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேயும் பள்ளிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. மருத்துவமனையின் புதிய பகுதி ஒன்றின் மேல்மாடி, அவ்வளவுதான் பள்ளி.

அந்த மாடியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் படுக்கையறை, எல்லோரும் கூடி உட்கார ஒரு பொது அறை, பொறுப்பு சிஸ்டருக்கு இரண்டு அறைகள். அந்நாளில் பல மருத்துவமனைகளில் செவிலியர்கள் வார்டுக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்தில், மரக்கூண்டு போன்ற தடுப்புகளில் படுத்துக் கிடந்தார்கள். கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை என்பதே அவர்களுக்குப் பெரிய மாற்றம். பாடமோ வார்டில் நடந்தது. ஓராண்டுப் பயிற்சி, சிஸ்டர்களின் கண்காணிப்பில். அதனால் பெரிய வகுப்பறைக் கட்டடம் தேவைப்படவில்லை. நைட்டிங்கேல் அங்கே பாடம் எடுத்ததாக எழுதுவதும் பிழை. பள்ளியை நடத்தியவர் மருத்துவமனையின் மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர், வார்ட்ரோப்பர்.

அந்த மாடியும் இரண்டாண்டுதான். ரயில் பாதைக்கு நிலம் கேட்டார்கள். மருத்துவமனை நிர்வாகம், ஒரு துண்டு மட்டும் தர மாட்டோம், முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நின்று 2,96,000 பவுண்டு பெற்றது. நெரிசலான அந்த இடத்தைவிட்டு வெளியேறுவதையே நைட்டிங்கேலும் விரும்பினார். 1862 முதல் 1871 வரை மருத்துவமனை லண்டனிலேயே சர்ரே தோட்டம் என்ற பழைய கேளிக்கைப் பூங்காவில் தற்காலிகமாக இயங்கியது. அங்கிருந்த இசை அரங்கையே வார்டுகளாக்கினார்கள். பள்ளி வரலாற்றை எழுதுகிறவர்கள் தாண்டிப்போவது இந்த ஒன்பது ஆண்டுகளைத்தான்.

ஆற்றங்கரைக் கட்டடம் நைட்டிங்கேல் வலியுறுத்திய முறையில் எழுந்தது: வரிசையாகத் தனித்தனித் தொகுதிகள், வார்டின் இரு பக்கமும் ஜன்னல், குறுக்கே காற்று. வடபுறத் தொகுதிகள் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் போயின. தென்புறத்தில் மூன்று மிஞ்சியுள்ளன. படத்தில் தெரிபவை இவையே. ‘1871இல் திறந்த கட்டடம்’ என்று போட்டால் சரி.

சதக் மருத்துவமனையின் எச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் செயின்ட் தாமஸ் தேவாலயத்தின் பரணுக்குப் போங்கள். 1822இல் அமைத்து, 1862இல் கைவிட்டு, 1956இல் மீண்டும் கண்டெடுத்த அறுவைசிகிச்சைக் கூடம் அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது.