கல்லா நிறைகிறது, கையில் நிற்கவில்லையே?

கேள்வி: நாலு நாற்காலி போட்டு சலூன் நடத்துகிறேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாடகை, சம்பளம் எல்லாம் கொடுத்துவிட்டுப் பார்த்தால் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எதையெல்லாம் கணக்கு வைத்துப் பார்க்க வேண்டும்?

பதில்: ராத்திரி கல்லாவை எண்ணிப் பார்ப்பதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் சிக்கல். நீங்கள் உண்மையில் விற்பது நாற்காலியின் நேரத்தை. நாலு நாற்காலி, தினம் 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 1,040 மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஆள் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு? ஒரு மாதம் மட்டும் குறித்துப் பாருங்கள், பாதிதான் தேறினாலும் ஆச்சரியப்படாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லும் கூட்டம் பெரும்பாலும் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இருக்கும்.

அடுத்து, எந்த வேலை மணிக்கு எவ்வளவு தருகிறது என்று பிரித்துப் பாருங்கள். சுருட்டை முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்டனிங் பில் பெரிதாகத் தெரியும். ஆனால் அது நாலு மணி நேரம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது, அதே நேரத்தில் அரை மணிக்கு ஒன்றாக எட்டு கட்டிங் முடித்துவிடலாம். கிரீம் செலவு போக அந்த பில் எட்டு கட்டிங் காசுக்குக் கீழே நின்றால், கூட்டமான நாளில் அது நஷ்டம். ஈ ஓட்டும் மதிய நேரத்தில் அதே வேலை லாபம்! அதனால் விலையை ஏற்றுவதற்கு முன்னால் நேரத்தை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் முடிக்குப் போடும் கலர். நிறம் ஏறுவதற்காகச் சேர்க்கும் டெவலப்பரோடு கலந்த கலரை எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. கிண்ணத்தில் மிஞ்சுவது நேராகக் குழாயடிக்குத்தான் போகிறது. சின்னத் தராசு ஒன்று வாங்கி, கலக்கியது எத்தனை கிராம், மிஞ்சியது எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லுங்கள். கண்மதிப்பில் கலக்குகிற கை, தராசு வந்ததும் தானாகவே அடங்கிவிடும்.

கேள்வி: என்னிடம் ஒருவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பில் போடுகிறார். கமிஷன் ஏற்றிக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவர் முதல் நாற்காலியில் நிற்கிறாரா என்று முதலில் சொல்லுங்கள்! உள்ளே நுழைகிறவர்கள் எல்லாம் அவரிடமே போனால் பில் ஏறத்தான் செய்யும். அவர் கையில் முதல்முறையாக உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், அதில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், இதுதான் பார்க்க வேண்டியது. அவசரப்பட்டு ஒரு மாதத்தில் கணக்கை முடிக்காதீர்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர், கொஞ்சம் கூடத்தான் வளரும். குட்டையாக வெட்டுகிறவர் நாலிலிருந்து ஆறு வாரத்தில் வருவார், நீளமுடிக்காரர் மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்வார். ஜனவரியில் வந்த புதியவர்களை ஏப்ரல் கடைசியில் எண்ணினால் சரியாக இருக்கும். 20 பேரில் 5 பேர்தான் திரும்பினார்கள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் 12 பேர் திரும்பினார்கள் என்றால், கமிஷனை யாருக்கு ஏற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். தள்ளுபடிக்காக வந்தவர்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். அவர்கள் திரும்பாததற்கு ஸ்டைலிஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோடு போட்ட நோட்டு போதும்: பெயர், புதியவரா பழையவரா, யார் செய்தது, என்ன வேலை, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பில். அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டு வராதவர்களையும் அதே நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். மூன்று மாதம் விடாமல் எழுதினால் சாஃப்ட்வேரில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும், அப்போது வாங்குங்கள்.