வெளிநாட்டு விற்பனையும் வாடிக்கையாளர் மீதான கவனமும்

கேள்வி: வெளிநாடுகளில் விற்கத் தொடங்கும் நிறுவனம் வாடிக்கையாளரை முன்னைவிடக் கூர்ந்து கவனிக்கக் கற்றுக்கொள்கிறது என்கிறார் என் மேலதிகாரி. கவனம் சிதறிப்போகும் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் நடப்பதுண்டு. எது நடக்கும் என்பது, வாங்கியவரின் குறை எத்தனை கை மாறி நிறுவனத்தை வந்தடைகிறது என்பதைப் பொறுத்தது. சந்தைப்படுத்தல் ஆய்வாளர்களான கோலியும் ஜவோர்ஸ்கியும் 1990-இல் இந்தக் கவனத்தை மூன்று செயல்களாகப் பிரித்துக் காட்டினர்: வாடிக்கையாளரைப் பற்றிய செய்தியைத் திரட்டுதல், அதை எல்லாத் துறைகளுக்கும் பரப்புதல், அதற்கேற்பச் செயல்படுதல். உள்நாட்டில் முதல் செயல் தானாகவே நடந்துவிடுவதுபோல் தோன்றும். வாங்குபவரும் ஊழியரும் ஒரே சாலையில் போய்வருபவர்கள் என்பதால், கேட்காமலே தெரியும் என்ற நினைப்பு ஊறிவிடுகிறது.

அந்த நினைப்பு உடைந்ததற்கு ஹோண்டாவின் அனுபவம் நல்ல சான்று. 1959-இல் அமெரிக்காவில் சொந்தக் கிளை நிறுவனம் தொடங்கிய ஹோண்டா, பெரிய மோட்டார் சைக்கிள்களையே நம்பியிருந்தது. ஜப்பானைவிட அதிகத் தொலைவுக்கு, அதிக வேகத்தில் ஓட்டப்பட்ட அந்த வண்டிகளில் 1960-இல் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் பழுதானது. பழுதான வண்டிகள் விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டன. சோதனைக்கூடம் இரவு பகலாக அதே பழுதை வரவழைத்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீர்வு கண்டது. இதற்கிடையே, அலுவலர்கள் தங்கள் சொந்த வேலைகளுக்காக ஓட்டித் திரிந்த 50 சிசி சிறு வண்டியைத்தான் மக்கள் விசாரித்தார்கள். விற்பதற்கே தயங்கிய வண்டி அது!

விற்பனைக் கணக்கு மட்டும் இத்தகைய செய்தியைத் தராது. 1985-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்த ஸ்வீடன் அறைகலன் நிறுவனமான ஐகியாவில் பூச்சாடிகள் நன்றாக விற்றன. அங்கு விற்ற கண்ணாடிக் குவளைகள் சிறியவையாக இருந்ததால், வாடிக்கையாளர்கள் பூச்சாடிகளைத் தண்ணீர் குடிக்க வாங்கிச் சென்றனர். கணக்கேட்டைப் பார்த்தவர் பூச்சாடி உற்பத்தியைக் கூட்டச் சொல்லியிருப்பார்.

உங்கள் அச்சத்துக்கும் இடமுண்டு. இறக்குமதியாளர் வழியாகவே விற்கும் நிறுவனத்துக்கு, நாளடைவில் அந்த இறக்குமதியாளரே வாடிக்கையாளராகிவிடுகிறார். அவர் கேட்பது விலைக் குறைப்பு, கடன் தவணை, குறித்த நாளில் சரக்கு. பொருளைப் பயன்படுத்துபவரின் சங்கடம் அவருடைய கடிதத்தில் அரை வரியாகச் சுருங்கிவிடும், அதையும் ஏற்றுமதிப் பிரிவு வடிவமைப்பாளரிடம் சேர்க்காமல் கோப்பில் வைத்துவிடும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: பெரிய வெளிநாட்டுக் கொள்முதல் ஆணை ஒன்று கைக்கு வந்ததும், அனுபவமுள்ள பொறியாளர்கள் அந்தப் பக்கம் திருப்பப்பட, உள்நாட்டு வாடிக்கையாளர் சத்தமின்றி வரிசையின் பின்னால் தள்ளப்படுவார்.

ஆகவே, உங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து கடைசியாக வந்த குறை, பயன்படுத்தியவரின் சொற்களிலேயே வந்ததா, முகவரின் சுருக்கமாக வந்ததா, அதை வடிவமைப்பாளர் படித்தாரா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். உங்களில் யார் சொல்வது சரி என்பது அந்தப் பதிலில் இருக்கும்.