நிலத்துக்குப் பதிவேட்டில் என்ன பெயர்? – கேள்வி பதில்

நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலி பிடித்தவன் நான். வயல் எப்படி மனையாகிறது, ஊர்ப் பொது நிலம் எப்படிக் காணாமல் போகிறது என்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

திண்டுக்கல், கல்லூரி மாணவி: புறம்போக்கு என்றால் பயனில்லாத நிலம்தானே ஐயா? திட்டுகிற வார்த்தையாகவே ஆகிவிட்டதே?

இல்லை அம்மா. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே விட்ட நிலம், அவ்வளவுதான். வரி போட்டது நஞ்சை, புஞ்சை. ஏரி, வாய்க்கால், களம், மேய்ச்சல் தரை, சுடுகாடு, வண்டிப்பாதை என்று ஊருக்குப் பொதுவாக விட்டது புறம்போக்கு. ஊர் பிழைத்திருக்கத் தேவையான பாதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வரி வராத நிலம் சர்க்கார் கண்ணுக்கு வெறும் நிலமாகத் தெரிந்தது, அந்தப் பார்வை நம் பேச்சிலும் ஏறிவிட்டது. அதை வசவாகக் கேட்கும்போது எனக்கு இன்றும் மனசு வலிக்கும்.

மன்னார்குடிப் பக்கம், விவசாயி: எனக்கு ஆறு மா நஞ்சை. கீழண்டை வயலை வாங்கியவர்கள் நாலடிக்கு மண் அடித்து மனை போட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் என் சம்பா பத்து நாள் தண்ணீரில் நின்று அழுகியது. யாரிடம் போவது?

உங்கள் பக்கம் தண்ணீர் கிழக்கே வடிய வேண்டும். கீழண்டை மேடானால் உங்கள் வயல்தான் குளம். முதலில் புலப்படம், அதாவது உங்கள் சர்வே எண்ணின் அளவை வரைபடம், வாங்கிப் பாருங்கள். வடிகால் தனி சர்வே எண்ணோடு வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் விஷயம் சுலபம்: தாசில்தாரிடம் எழுத்தில் மனு கொடுங்கள், அளந்து மீட்டுத் தருவது அவர் கடமை. மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனி எண் இல்லாமல், பட்டா வயலுக்குள்ளேயே வடிந்து வந்த வழக்கம் என்றால் அது 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்துக்குள் வரும். இருபது வருடம் தடையில்லாமல் வடிந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும், சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே பாசனத்தில் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் ஒரு வயல் மனையானால் அந்த ஒரு வயலோடு நிற்பதில்லை. வடிகால் அடைபடும். அறுவடை இயந்திரம் இறங்க வழி இருக்காது. மனைக்காரர் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினால் கடைமடைக்குப் போகிற கன்னி வாய்க்கால் செத்துவிடும். இரண்டு போகம் நஷ்டப்பட்டவர் மூன்றாவது வருடம் தரிசு போடுவார், ஐந்தாவது வருடம் விற்பார். "விவசாயம் கட்டுப்படியாகவில்லை, அதனால் விற்றார்" என்று ஊர் சொல்லும். கட்டுப்படியாகாமல் போனது எப்படி என்பதை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. நான் அளக்கப் போன ஊர்களில் இப்படி ஒரு வயலில் ஆரம்பித்து ஒரு பாசனமே முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே என்று நீங்களும் இன்னும் நாலு பேரும் கேட்டிருக்கிறீர்கள். 2020-ல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தாமிர உருக்கு, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைப் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் வீட்டுமனை இல்லை. உங்கள் வயலை மூழ்கடித்தது துரப்பணம் இல்லையே.

தாம்பரம், தனியார் ஊழியர்: அங்கீகாரம் இல்லாத மனை பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யவே தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது, 20.10.2016-க்கு முன் பிரித்த மனைகளுக்காக. அதற்குப் பிறகு பிரித்ததை நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு விஷயம், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட இடமும் மழைநீர் இறங்க மண்ணும் அங்கேதான் கிடைக்கும். அந்தப் பாதி விலையில் இதெல்லாம் இருக்காது.

சென்னை, பெயர் வேண்டாம்: இருபது வருடமாகத் தண்ணீர் நிற்காத ஏரி. ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் என்ன தப்பு? சுற்றுச்சூழல் பேசுகிறவர்களுக்கு ஏழை என்றால் இளக்காரமா?

கோபம் நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏரியில் வீடு கட்ட ஆரம்பித்தது ஏழை இல்லை. இன்றைய தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது. முகப்பேரில் ஒரு பகுதிக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். திருநெல்வேலிப் புதுப் பேருந்து நிலையம் நிற்பது வேய்ந்தான்குளத்தில். அரசே தூர்த்தால் அது வளர்ச்சி, கரையோரம் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்பது என்னால் ஏற்க முடியாத கணக்கு.

அதே சமயம், உங்கள் யோசனையை நடத்திப் பார்த்தாயிற்று. கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுத்தவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்குமேல் பரந்திருந்த சதுப்பு அது. குப்பைமேடு, சாலை, கணினி நிறுவனக் கட்டடங்கள் என்று சுருங்கி, மிச்சமிருக்கும் ஏறக்குறைய 1,250 ஹெக்டேருக்குத்தான் 2022-ல் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் வந்து சேரும் தாழ்வான இடம். 2015 டிசம்பரில் அங்கே தண்ணீர் புகுந்தபோது, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் குடியேற்றப்பட்டவர்களே மறுபடி நனைந்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது தனி.

ஏழைக்கு வீடு வேண்டும், அதுவும் வேலைக்குப் பக்கத்தில், மேட்டு நிலத்தில். ஏரிப் படுகைதான் இளப்பமாகக் கிடைக்கிறது என்பதற்காக அவர்களுக்கு அதை ஒதுக்குவதுதான் எனக்கு இளக்காரமாகப் படுகிறது. இருபது வருடம் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வரத்துக்கால்வாயை எவர் அடைத்தார் என்று முதலில் பாருங்கள்.

கமுதிப் பக்கம், ஆடு வளர்ப்பவர் மகன்: சோலார் வந்த பிறகு கிடை போட இடமில்லை, ஆடுகள் போகிற பாதையும் வேலிக்குள் போய்விட்டது. நஷ்டஈடு உண்டா?

உங்கள் பக்கம் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம் ஒன்றே சுமார் 2,500 ஏக்கர். சூரிய மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பதிவேட்டில் தரிசு என்று எழுதிய இடம் ஆட்டுக்குத் தரிசு இல்லை. நிலத்தை விற்ற பட்டாதாரருக்குப் பணம் வரும். அறுவடை முடிந்த காட்டில் தலைமுறையாக ஆடு மேய்த்தவருக்குக் காகிதம் எதுவும் கிடையாது. பட்டா நிலத்தில் மேய்த்ததற்கு நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம், பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. பாதை வேறு. வண்டிப்பாதை என்றோ மேய்க்கால் என்றோ கிராமத்தின் சர்வே எண் வாரியான நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் இருந்தால் வேலி போட எவருக்கும் உரிமையில்லை. ஊர்ப் பொது நிலங்களை மீட்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

செங்கல்பட்டு மாவட்டம்: எங்கள் தாத்தாவுக்குப் பஞ்சமி நிலம் இருந்ததாகப் பாட்டி சொல்வார். இப்போது வேறு ஒருவர் பேரில் பட்டா. வழி உண்டா?

உண்டு. உங்கள் மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தது அந்த நிலம். 1892 முதல் சுமார் 12 லட்சம் ஏக்கர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகும் பட்டியல் சாதியினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீறிய விற்பனை செல்லாது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தில் வந்த யுடிஆர் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதற்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டில் டி.சி. நிலம் (தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கான நிலம்) என்ற குறிப்பைத் தேடுங்கள். அந்தக் குறிப்பு புதுப் பதிவேட்டுக்கு ஏறாமல் விட்டுப்போனதை நானே கண்டிருக்கிறேன். 1994-ல் உங்கள் மாவட்டத்துக் காரணையில் இந்த நிலத்தைக் கேட்டுப் போராடிய இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் கேட்டதும் இந்தப் பதிவேட்டில் இருந்ததைத்தான்.

ஈரோடு, இல்லத்தரசி: கல்யாணம் ஆன மகளுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா?

உண்டு அம்மா. 2005-ல் திருத்திய இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகனுக்குள்ள அதே பங்கு. 20.12.2004-க்கு முன்பே பாகமோ விற்பனையோ முடிந்திருந்தால் மட்டும் பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள்.

விழுப்புரம், ஆசிரியர்: எங்கள் ஊரில் ஏரி, மேய்க்கால் எவ்வளவு என்று எங்கே பார்ப்பது?

அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேடும் புலப்படமும் சர்வே எண் வாரியாகக் கிடைக்கும். ஊர் முழுக்க வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் மாணவர்களையே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு புறம்போக்கையும் நேரில் பார்த்துப் பட்டியல் எடுங்கள். கிராமசபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.