கனடாவில் கஞ்சாத் தோட்ட வேலைக்குப் போகலாமா?

தம்பி, தளிப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை பார்த்துவிட்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து விண்ட்சருக்குப் படிக்க வந்திருப்பதாகவும், லெமிங்டன் அருகே ஒரு பண்ணை வீட்டில் கஞ்சாச் செடிகளைப் பராமரிக்க ரொக்கக் கூலிக்கு அழைப்பதாகவும், இங்கே அது குற்றமில்லை என்று அவர்கள் சொல்வதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்கோட்டிலிருந்து வந்து ஒன்டாரியோவில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன். போகாதீர்கள் என்பதே என் பதில்.

2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கனடாவின் கஞ்சாச் சட்டம் அந்தச் செடியை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அரசு டாஸ்மாக் நடத்துகிறது என்பதற்காகத் தருமபுரியில் எவரும் தம் வீட்டில் சாராயம் காய்ச்சிவிட முடியாதல்லவா, இங்கும் அப்படித்தான். ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர் பொது இடத்தில் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். வீட்டில் நான்கு செடிகள் வளர்க்கலாம். அந்த நான்கும் வீட்டுக்குத்தான், தலைக்கு அல்ல. ஆறு மாணவர்கள் சேர்ந்து குடியிருந்தாலும் கணக்கு மாறாது. கியூபெக்கில் ஒரு செடிகூடக் கூடாது. அந்த மாகாணத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. வரம்பை மீறி வளர்ப்பதற்கும் உரிமமின்றி விற்பதற்கும் அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை.

"எங்களிடம் மருத்துவ அனுமதிக் கடிதம் இருக்கிறது" என்று உங்களிடம் காட்டக்கூடும். நோயாளி தமக்காகவோ, அவர் நியமித்த ஒருவர் அவருக்காகவோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் வளர்ப்பதற்குக் கனடா சுகாதாரத் துறை தரும் பதிவு அது. விற்பனைக்கு அது உதவாது. அதை மறைப்பாக வைத்துப் பெருந்தோட்டம் போடுகிறவர்களைக் காவல்துறை தேடித்தேடிச் சோதனையிடுகிறது. சோதனை நடக்கும் நேரத்தில் முதலாளி அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை, தண்ணீர் ஊற்றுகிறவர் இருப்பார்.

குடிமகனுக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு இதற்குப் பின்னர்தான் தெரியவரும். பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றம் உறுதியானால், நீதிபதி அபராதத்தோடு விட்டாலும், குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றமாகக் கொள்ளும், பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்பு அனுமதி வைத்திருப்பவரையே நாட்டைவிட்டு வெளியேற்ற அது போதும் என்றால், மாணவர் விசாவில் இருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற விதியும் உண்டு. ரொக்கக் கூலியில் அந்தக் கணக்கைக் காட்டச் சம்பளச் சீட்டே இருக்காது.

ஊருக்குப் போகும்போது கஞ்சா மிட்டாய்களைப் பெட்டியில் வைக்கச் சொல்லும் நண்பர்களும் வாய்ப்பார்கள். கனடாவின் எல்லையைக் கஞ்சாவோடு கடப்பதே இங்கு குற்றம். பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கினால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது. விண்ட்சரிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டுக்குக் கஞ்சாவோடு போவதற்கும் இந்த எல்லைத் தடை பொருந்தும்.

உங்கள் கைப்பழக்கம் வீணாக வேண்டியதில்லை. லெமிங்டனில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய்ப் பசுமைக்குடில்கள் ஏராளம்; சொட்டுநீரும் உரக்கலவையும் அறிந்தவரை அங்கே மதிப்பார்கள். கஞ்சா நிறுவனத்தில்தான் வேலை கிடைக்கிறது என்றால், உரிமம் பெற்றவர்களின் பட்டியலைச் சுகாதாரத் துறை தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எழுத்துப்பூர்வமான நியமனக் கடிதத்தைக் கேளுங்கள்.