கேள்வி பதில்: வாய் திறக்காத பிள்ளை

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. ஆறாம் வகுப்பில், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன் வாயே திறப்பதில்லை. நரிக்குறவர் வீட்டுப் பெண் ஒருத்தி கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்கிறாள், பாதி நாள் வருவதும் இல்லை. பன்முகப் பண்பாடு பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன், வகுப்பில் கை ஓடவில்லை. என்ன செய்யட்டும் அம்மா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. பிள்ளையின் வீடு எப்படி இருக்கும் என்றே பார்க்காமல் பாடக்குறிப்பு எழுத உங்களைப் பழக்கியிருக்கிறோம், கோளாறு அங்கேதான்.

வடக்கிலிருந்து வந்தவன் என்றாலே ஹிந்தி தெரியும் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். அவன் வீட்டில் பேசுவது ஒடியாவாக இருக்கும், அதன் எழுத்தே வேறு. கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கலாம், நீங்கள் கேட்பதுதான் புரியாமல் இருக்கலாம். அதனால் வாயால் கேட்காமல் கரும்பலகையில் எண்ணாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் அவன் மொழியில் எண்ணச் சொல்லுங்கள்: ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச. வகுப்பு முழுக்க அவன் பின்னால் சொல்லட்டும். 'வீட்டுப் பாஷையில் பேசாதே' என்று யாராவது அதட்டினால், இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணை மட்டும் எழுப்பி முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள், எல்லோர் கண்ணும் அவள் மேலேயே விழும். வாரம் ஒருமுறை எல்லோருக்குமே இடத்தை மாற்றுங்கள். வராத நாட்களைக் காலண்டரோடு ஒத்துப் பாருங்கள்: பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி தைப்பூசம் என்று திருவிழாக்களை ஒட்டி இருந்தால், பாசிமணி விற்கக் குடும்பத்தோடு போயிருப்பாள். திரும்பி வரும் வாரத்தில் விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நரிக்குறவர்களை 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், அவளுக்குச் சான்றிதழ் வாங்கியாயிற்றா என்று தலைமையாசிரியரிடம் அவசியம் கேளுங்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைக்க நம்மூரைவிட நல்ல ஊர் கிடையாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர் இது. வீட்டுத் தூண் பர்மா தேக்கு, விசேஷத்துக்குக் கிண்டும் கவுனி என்கிற கறுப்பு அரிசியும் அந்த உறவில் வந்ததுதான். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது காடும் மலையும் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். நம் ஐயாக்கள் பாஷை தெரியாத சீமையில் போய் இறங்கியபோது எப்படிச் சமாளித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள், ஒடிசாப் பையனின் அப்பா இங்கே வந்து இறங்கிய கதையையும் அதே பாடவேளையில் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் கல்வியியல் கல்லூரியில் ஆண்டுதோறும் பண்பாட்டு தினம் கொண்டாடுகிறோம். ஒவ்வொரு மாநில உடையும் போட்டு ஆடுகிறார்கள். அது போதாதா?
- ஒரு விரிவுரையாளர், காரைக்குடி

பதில்: போதாது. ஆடட்டும், சந்தோஷம்தான், ஆனால் செங்கல் சூளையிலிருந்து வருகிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கற்பித்தல் பயிற்சியின் முதல் வாரத்தில் பாடம் எடுக்க விடாதீர்கள். பள்ளி ஆசிரியரோடு, வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்புங்கள். என்ன மொழி பேசுகிறார்கள், சாயங்காலம் வீட்டில் யார் இருப்பார்கள், எந்த மாதம் ஊருக்குப் போவார்கள் என்று எழுதி வரட்டும். அதற்கும் பதிவேட்டில் மார்க் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தோடு நின்றுவிடும்.