வயிற்றுக் கிருமிக்குக் கைமருந்து: கேள்வி பதில்

பூண்டு, மஞ்சள், கடற்பாசி என்று எதையாவது தின்று வயிற்றுக் கிருமியை ஒழிக்க முடியுமா என்று தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கேட்டிருக்கிறீர்கள். நுண்ணுயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: பேதி கண்டால் பச்சைப் பூண்டை நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். கிருமி சாகுமா அண்ணே?

நசுக்கியது சரிதான் அக்கா. முழுப் பல்லில் மருந்து கிடையாது. பல் நசுங்கும்போது உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லீன் என்ற பொருளும் ஒரு நொதியும் கலந்துதான் அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறும் அந்த நெடியே அதுதான். 1944ல் கவாலிட்டோ, பெய்லி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவைக் கொல்வதைக் காட்டினார்கள். முழுப் பல்லாகக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும், அல்லிசினே உண்டாகாது.

ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்வது வேறு, இருபதடிக் குடலுக்குள் கொல்வது வேறு. அல்லிசின் நிலையில்லாத பொருள். வயிற்றில் இறங்கியதுமே எதனோடாவது சேர்ந்து உருமாறிவிடும். கிருமி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. பெரியவர்கள் தின்றால் கெடுதல் இல்லை, அதையே மருந்தென்று நம்பி உட்காராதீர்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம்.

கீழக்கரையிலிருந்து: மஞ்சளும் மரமஞ்சளும் ஒன்றுதானா? எது பேதிக்கு நல்லது?

நிறம்தான் ஒன்று. சமையல் மஞ்சளில் இருப்பது குர்குமின், அது தண்ணீரில் கரையாது. மரமஞ்சளில் இருப்பது பெர்பெரின். இந்தப் பட்டியலிலேயே நோயாளிகளிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஒரு சில பொருள்களில் அது ஒன்று. 1987ல் வெளிவந்த வங்கதேச ஆய்வில், நச்சு சுரக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வகையால் பேதி கண்டவர்களுக்குப் பெர்பெரின் கொடுத்தபோது பேதியின் அளவு நன்றாகக் குறைந்தது. காலராவில் அந்த அளவுக்குப் பலன் இல்லை. அது குடலில் நன்றாக உறிஞ்சப்படுவதில்லை. மற்ற நோய்க்கு அது குறை, குடல் நோய்க்கு அதுவே வசதி.

அதற்காக நாட்டுமருந்துக் கடையில் கட்டையை வாங்கிக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லவில்லை. ஆய்வில் கொடுத்தது அளந்த மாத்திரை, கட்டையில் எவ்வளவு இருக்கிறதென்று யாரும் அளப்பதில்லை. கர்ப்பிணிகளும் பச்சிளம் பிள்ளைகளும் பக்கமே போகக்கூடாது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலையை அது மோசமாக்கும்.

மண்டபத்திலிருந்து: நாங்கள் பாசி எடுக்கிறவர்கள். கஞ்சிப்பாசிக் கஞ்சி குடலைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே?

வயிற்றுக்கு இதமான கஞ்சிதான். ஆனால் அந்தப் பாசியிலிருந்து வருவது ஏகார் (அகர்-அகர்) என்ற கூழ்ப்பொருள். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் தட்டே ஏகாரில்தான் செய்கிறோம்! பாசிகளைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாறு கிருமியைத் தடுத்ததாக எத்தனையோ ஆய்வுகள் உண்டு. அந்தச் சாறும் உங்கள் கஞ்சியும் ஒன்றல்ல.

பெயர் வேண்டாம் என்றவர்: கடல் அட்டை சாப்பிட்டால் குடல் புண் ஆறுமா?

அட்டையில் கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இருப்பது உண்மை. அதைத் தின்றால் புண் ஆறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2001லிருந்து அதைப் பிடிக்கவே தடை, வனவிலங்குச் சட்டத்தில் அதற்கும் பாதுகாப்பு உண்டு. வயிற்றுவலியோடு ஜெயிலையும் சேர்த்து வாங்காதீர்கள்.

தொண்டியிலிருந்து: நண்டு, இறாலுக்கு எலுமிச்சை பிழிந்தால் கிருமி போய்விடுமா?

இது நம் கரைக்கே உரிய கேள்வி. கடல்தண்ணீரில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி இயல்பாகவே வாழ்கிறது. உப்பு அதற்குப் பிடிக்கும், நம் வெயில் இன்னும் பிடிக்கும். தோதான சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். காலையில் கரைக்கு வந்த இறால் ஐஸ் இல்லாமல் மதியம் வரை கிடந்தால் என்ன ஆகுமென்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1950ல் ஜப்பானின் ஒசாகாவில் நெத்திலிக் குஞ்சு போன்ற பொடிமீனை அரைகுறையாகக் காயவைத்துத் தின்றவர்களில் 20 பேர் இறந்தார்கள். அப்போதுதான் இந்தக் கிருமியையே கண்டுபிடித்தார்கள்.

காலராக் கிருமியும் சேர்ந்த இந்த விப்ரியோ வகைக் கிருமிகளுக்குப் புளிப்பு ஆகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் நாட்டில் காலரா பரவியபோது, சோற்றுக்கான குழம்பில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்ட வீடுகளில் நோய் குறைவாக இருந்ததாக 1990களில் கண்டார்கள். எனவே பிழியுங்கள், நல்லதே. ஆனால் சாறு மேலே படும், சதைக்குள் இருப்பதைத் தொடாது. முழுக்க வேகவைப்பதுதான் கொல்லும். வேகவைத்த நண்டைப் பச்சை நண்டு கிடந்த அதே சட்டியில் திருப்பிப் போடுகிறார்களே, பாதி வில்லங்கம் அங்கேதான்.

பாம்பனிலிருந்து: சூரை தின்றதும் முகமெல்லாம் சிவந்து தலைவலி. இஞ்சிச் சாறு குடிக்கலாமா?

இது தொற்றே இல்லை தம்பி. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையிலும் காணாங்கெளுத்தியிலும் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலத் தொல்லை தரும் பொருளை உண்டாக்கிவிடும். வேகவைத்தாலும் அது போகாது, இஞ்சியும் தொடாது. டாக்டர் ஒவ்வாமை மாத்திரை கொடுப்பார். மூச்சு முட்டினால் உடனே ஓடுங்கள்.

திருப்புல்லாணிப் பக்கமிருந்து: ஊருணித் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை உரசிப் போடுகிறோம். போதுமா?

கலங்கல் அடியில் படியும், அதோடு கிருமியிலும் ஒரு பங்கு இறங்கும். முருங்கை விதையும் அப்படித்தான். அதன் புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது, எதிர்மின்னூட்டம் கொண்ட மண்ணையும் கிருமியையும் பிடித்துக்கொண்டு கீழே போகும். மீதிக் கிருமி தண்ணீரிலேயே இருக்கும். தெளிந்ததைத் தனியே வடித்துக் கொதிக்கவையுங்கள், அல்லது குளோரின் மாத்திரை போடுங்கள். செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் பேதிக் கிருமிகள் செத்ததாக 2012ல் ஓர் ஆய்வு வந்தது. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தால் அதுவும் நல்ல வழிதான். மோர், புளித்த கஞ்சியை மட்டும் அதில் ஊற்றாதீர்கள், செம்பு கரைந்து குமட்டும்.

தேவிபட்டினத்திலிருந்து: பேத்திக்கு நான்கு மாதம். வசம்பு உரைத்துக் கொடுக்கலாமா? சொட்டு வேப்பெண்ணெய்?

இரண்டும் வேண்டாம் அம்மா. வேப்பெண்ணெய் குடித்த பிள்ளைகளுக்கு வாந்தி, வலிப்பு வந்து உயிரே போயிருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியது, அமெரிக்காவில் 1968லேயே உணவில் தடை செய்துவிட்டார்கள். பேத்திக்கு இயற்கையே கொடுத்த கிருமிநாசினி தாய்ப்பால்தான். லைசோசைம், லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆறு மாதம் வரை அது மட்டும் போதும்.

ராமேஸ்வரத்திலிருந்து: அப்படியானால் பேதி வந்தால் என்னதான் செய்வது?

போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது. 1971ல் வங்க அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலை டிரம்மில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார், இன்று ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டில் வருவது அந்த வகைக் கரைசல்தான். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகளுக்கு அதோடு ஜிங்க் மாத்திரையும் கொடுப்பார்கள், 10 முதல் 14 நாள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், குழிவிழுந்த கண், சிறுநீர் வராமை, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் இறங்காவிட்டால் டைபாய்டாக இருக்கலாம், கைமருந்து பார்த்து நாள் கடத்தினால் குடல் ஓட்டையாகும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்குவதும் வேண்டாம்.

அதே அன்பர்: ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை இளநீரிலோ பதநீரிலோ கலக்கலாமா?

கூடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, ஆறவைத்த தண்ணீரில் மட்டும். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். பாதிப் பாக்கெட், பாதித் தண்ணீர் என்றும் பிரிக்காதீர்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.