கடைமடைக்கு வரும் காசு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கோயில் ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை நான்கு வருடமாகப் படிக்கிறேன். எனக்கு ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே. அப்பாவோடு சேர்ந்து ஒன்பது மா நிலம் பார்க்கிறேன். இரண்டு வருடமாக டெல்டா விவசாயத்துக்கென்று ஒரு இணையதளம் நடத்துகிறேன். நெல் ரகம், பூச்சி, அரசுத் திட்டம் என்று 210 கட்டுரைகள் இருக்கின்றன. தினமும் 500 பேர் போல வருகிறார்கள். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டு எட்டு மாதமாகிறது, கணக்கு 62 டாலரில் நிற்கிறது. ஆன்லைன் வருமானம் பற்றி வகுப்பு எடுக்கும் ஒருவரிடம் கேட்டேன். "விவசாயத்தில் காசு கிடையாது, கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ் என்று இங்கிலீஷில் எழுது, விளம்பரத்தை மூன்று மடங்காக்கு" என்றார். அம்மா வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? என் பெயரைப் போட வேண்டாம்.

மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 210 கட்டுரையும் நீங்களே எழுதியது, எதுவும் வெட்டி ஒட்டியதில்லை என்பதைத் தளத்தில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த உழைப்புக்கு முதலில் என் வணக்கம். வகுப்புக்காரர் சொன்னதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் காசு எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (ஆறு பிரியும் மதகு அது) மூன்றாகப் பிரிந்து, அப்புறம்தான் உங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. விளம்பரக் காசும் அப்படி வருவதுதான். விளம்பரம் கொடுப்பவர் ஒருவர் கூகுள் ஆட்ஸ் வழியாக 100 ரூபாய் செலவழித்தால், அதில் சராசரியாக 15 ரூபாய் அங்கேயே நின்றுவிடும். மீதி 85-ல் 80 சதவீதம் தளக்காரருக்கு, அதாவது 68 ரூபாய். ஆட்சென்ஸில் 68 சதவீதம் என்ற பங்கு பல வருடமாக இருப்பதுதான். கணக்கை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தது சமீபத்தில். அதே சமயம், 2024 தொடக்கத்திலிருந்து கிளிக்குக்குக் காசு என்பது போய், விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்துக் காசு என்று ஆனது.

அந்த 68 சதவீதத்தில் நீங்களும் நானும் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேலே எத்தனை ரூபாய் திறந்துவிடப்படுகிறது என்பதில்தான் விஷயம். அது படிப்பவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மாதம், எதைத் தேடி வந்தார் என்பதைப் பொறுத்தது. என் தளத்தில் ஆலங்குடி குரு கோயில் பற்றிய ஒரே கட்டுரையை சிங்கப்பூரில் ஒருவரும் வலங்கைமானில் ஒருவரும் படித்தால், எனக்குக் கிடைப்பது ஒரே தொகை அல்ல. சிங்கப்பூர்க்காரருக்குக் காட்டப்படும் விளம்பரத்துக்குப் போட்டி அதிகம், விலையும் அதிகம். உங்கள் வாசகரோ வரப்பில் நின்று போனைப் பார்ப்பவர். அவரை நோக்கி வரும் விளம்பரப் பணம் குறைவு. உங்கள் 62 டாலருக்கு முதல் காரணம் இது. உங்கள் எழுத்தில் குறை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் வகுப்புக்காரர் சொன்னது சரிதானே என்று தோன்றும். கிரெடிட் கார்டு என்ற சொல்லுக்கு விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்காக வங்கிகளும் பெரிய செய்தித் தளங்களும் ஆள் போட்டு எழுதிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் உங்கள் கட்டுரை தேடலில் பத்தாம் பக்கத்தில் கிடக்கும். பார்ப்பவர் இல்லாத பக்கத்தில் விலை எவ்வளவு இருந்தால் என்ன? இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கிரெடிட் கார்டைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாததை எழுதி ஒருவரைக் கடனில் இறக்கிவிட வேண்டாம், தம்பி.

உங்களுக்குத் தெரிந்தது வேறு. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டியதால் நாலு நாள் தார்ப்பாயை மூடித் திறந்து காவல் இருந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். தளர்வு கிடைக்குமா, எத்தனை சதவீதம் வரை எடுப்பார்கள் என்று குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் டெல்டா முழுவதும் கேட்கிறது. இதை ஒருவர் போனில் தேடும்போது அவருக்குக் கிடைப்பது இரண்டு வருடம் பழைய செய்தித் துணுக்கு. உங்கள் தளத்திலும் பார்த்தேன். கொள்முதலைப் பற்றி ஆறு கட்டுரை இருக்கிறது, ஆறும் தனித்தனியாக, தேதியே இல்லாமல். அதை ஒரே பக்கமாக ஆக்குங்கள். பதிவு எப்படி, என்னென்ன காகிதம் வேண்டும், இப்போதைய ஈரப்பத அளவு என்ன, பணம் வங்கிக்கு வர உங்கள் ஊரில் எத்தனை நாள் ஆனது, எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மேலே "இன்ன தேதியில் சரிபார்த்தது" என்று போடுங்கள். பருவத்துக்குப் பருவம் அதே முகவரியில் புதுப்பியுங்கள். 210 கட்டுரையைவிட இப்படி முப்பது பக்கம் அதிகம் சம்பாதிக்கும். என் தளத்தில் வரும் வருமானத்தில் பெரும்பகுதி இருபதுக்கும் குறைவான பக்கங்களிலிருந்துதான் வருகிறது. நடை திறக்கும் நேரம், எந்த ஊரில் இறங்கி எந்த பஸ் பிடிப்பது, எங்கே தங்கலாம், அவ்வளவுதான் அந்தப் பக்கங்களில் இருப்பது.

பருவம் என்றதும் இன்னொன்று. நாற்று விடுகிற அன்றைக்கு விதை தேடினால் எப்படி? எழுத்திலும் அப்படித்தான். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் என்றால், குறுவைக்கு ஏடிடீ 43 போடலாமா கோ 51 போடலாமா என்ற பேச்சு டீக்கடையில் சித்திரையிலேயே ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கம் அதற்கு முன்னமே தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் கூகுள் ஒரு பக்கத்தைப் பார்த்து, நம்பி, மேலே கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் நடுவில் வரும். அதற்கு ஆவணியிலேயே எழுதிவிடுங்கள். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல். அதற்கான பக்கங்களை நான் எப்போதோ ஆரம்பித்துவிட்டேன்.

விளம்பரச் சந்தைக்கும் ஒரு பருவம் உண்டு. தீபாவளியை ஒட்டிக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டும், அப்போது ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் தொகை ஏறும். ஜனவரியில் சரசரவென்று இறங்கும். உங்களுக்கோ ஜனவரியில்தான் அறுவடை, அப்போதுதான் ஆள் வரத்து அதிகம். தை மாதம் கணக்கைப் பார்த்து மனம் சோர வேண்டாம் என்பதற்காக இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இப்போது மூன்று மடங்கு விளம்பரம். இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆட்சென்ஸ் தமிழுக்கு அதிகாரப்பூர்வமாக வந்தது 2018 பிப்ரவரியில். இந்திக்கு 2014-லேயே கொடுத்துவிட்டார்கள், நாம் அத்தனை வருடம் காத்திருந்தோம். காத்திருந்த ஆத்திரத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு விளம்பரம் போட்டேன், அதில் ஒன்று திரை முழுவதையும் மறைப்பது. இரண்டு மாதம் காசு ஏறியது. திருவிடைமருதூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்க்க வந்தேன். மூடுகிற பெருக்கல் குறி என் விரலுக்கு அகப்படவில்லை. தொட்டால் வேறு எங்கோ போகிறது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அந்த மறைக்கும் விளம்பரத்தை எடுத்தேன், மற்றதில் நான்கைக் குறைத்தேன். வருமானம் முதலில் விழுந்தது. பிறகு ஆட்கள் ஒரு பக்கத்தோடு போகாமல் இரண்டு, மூன்று பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள், ஐந்தாறு மாதத்தில் பழைய அளவைத் தாண்டியது.

இதில் நீங்கள் கையோடு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தளத்தை என் போனில் திறந்தேன். படிக்க ஆரம்பித்து மூன்றாவது வரிக்கு வரும்போது மேலே ஒரு விளம்பரம் வந்து விழுந்து எழுத்து கீழே குதித்தது. விளம்பரம் வரும் இடத்துக்கு முன்னமே உயரம் ஒதுக்கி வையுங்கள், அது வந்தாலும் வராவிட்டாலும் எழுத்து அசையாது. முதல் படம் 4 எம்பி இருக்கிறது. அதை 100 கேபிக்குள் சுருக்குங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வயலில் ஒரு கோடு சிக்னலில் நிற்பவருக்கு உங்கள் பக்கம் திறப்பதற்குள் அவர் போனைப் பையில் போட்டுவிடுவார்.

அடுத்தது மிக முக்கியம். உங்கள் சித்தப்பா பையன்கள், கூட்டாளிகள் யாராவது உதவி செய்வதாக நினைத்து உங்கள் விளம்பரத்தைத் தினமும் அமுக்கிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இது நடந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா, அத்தை எல்லோரும் பாசத்தோடு அமுக்கினார்கள். முதலில் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விழுந்தது, பிறகு கணக்கே போய்விட்டது, சேர்ந்திருந்த காசும் வரவில்லை. போன கணக்கைத் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம். நீங்களும் உங்கள் விளம்பரத்தைச் சோதித்துப் பார்க்கக்கூட அமுக்காதீர்கள்.

10 டாலர் ஆனதும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க கூகுள் தபாலில் அனுப்பியிருக்க வேண்டிய பின் எண்ணைப் பதிந்துவிட்டீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். முகவரியில் உங்கள் கிளை அஞ்சலகத்தின் பெயர் இருக்கட்டும், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இனி நான் உங்களுக்கு உண்மையாகவே சொல்ல விரும்பிய இடம். கூகுள் வழியாக வரும் காசு பல தலைப்பு தாண்டி வருவது. உங்கள் வாசகரை நேராகத் தேடுபவர்கள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள். நடவு மெஷின் வாடகைக்கு விடுபவர், அறுவடை மெஷின் வைத்திருப்பவர், பாரம்பரிய விதைநெல் விற்பவர், டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர். அவர்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் பார்க்க வேண்டியதில்லை, மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் பக்கத்து விவசாயி ஐநூறு பேர் பார்த்தால் போதும். அந்த ஐநூறு பேர் உங்களிடம் இருக்கிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, குறுவை, சம்பா என்று பருவ வாடகையாக வாங்குங்கள். முதல் மாதம் இலவசமாகப் போட்டுக் காட்டி, எத்தனை போன் வந்தது என்று கடைக்காரரையே எண்ணச் சொல்லுங்கள். அந்த இடத்தில் "விளம்பரம்" என்று தெளிவாக எழுதுங்கள். காசு முன்பணமாக வாங்குங்கள். நான் ஒரு விளம்பர ஏஜென்சியை நம்பி மூன்று மாதம் போட்டுவிட்டுப் பணம் வாங்க முடியாமல் நின்றிருக்கிறேன்.

எதை மறுப்பது என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. கருங்குறுவை, தூயமல்லி என்ற பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தில் பூச்சிமருந்து விளம்பரமும், அவசரக் கடன் செயலி விளம்பரமும் ஓடுவதைப் பார்த்தேன். ஆட்சென்ஸிலேயே பிரிவு வாரியாகவும் தள முகவரி வாரியாகவும் தடுக்க வசதி இருக்கிறது. கடன் செயலியை முதலில் தடுங்கள். அறுவடை பொய்த்த மாதத்தில் உங்கள் பக்கத்தைத் திறக்கிற விவசாயியின் கண்ணில் அது பட வேண்டாம். கொஞ்சம் காசு குறையும். குறையட்டும்.

ஒரு மாற்றத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-லிருந்து இந்தியாவிலும் கூகுள் தேடலின் உச்சியில் ஏஐ தொகுத்த பதில் வருகிறது. "ஏடிடீ 43 எத்தனை நாள் பயிர்" என்று கேட்டால் 110 நாள் என்று அங்கேயே சொல்லிவிடும், உங்கள் பக்கத்துக்கு ஆள் வர வேண்டியதில்லை. இந்த வகைக் கட்டுரை இனி ஓடாது. ஆனால் போன ஐப்பசி மழையில் உங்கள் வயலில் எந்த ரகம் சாய்ந்தது, எது நின்றது, தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆனது என்பது உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தது. போட்டோ எடுத்து, தேதி போட்டு அதை எழுதுங்கள். வாட்ஸ்அப் சேனல் ஒன்றும் தொடங்கி நேராகவே வாசகரைச் சேருங்கள், கூகுள் ஒன்றையே நம்பி இருக்க வேண்டாம்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். அவர்கள் பயம் நியாயமானது. இப்போதைய வரத்தில் இது ஒரு குடும்பத்துக்குப் போதாது, இன்னும் ஒன்றிரண்டு வருடத்துக்குப் போதவும் போதாது என்றே நினைக்கிறேன். மன்னார்குடியிலேயே ஏதாவது வேலை கிடைத்தால் சேருங்கள். காலையில் ஒரு மணி நேரம் தளத்துக்கு ஒதுக்குங்கள். வயலை மட்டும் விட வேண்டாம், எழுதுவதற்கு உங்களிடம் இருப்பது அதுதானே.

குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் அந்தக் கொள்முதல் பக்கத்தை முடித்து எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். நீடாமங்கலத்தில் எனக்குத் தெரிந்த நடவு மெஷின்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் உங்களைப் பற்றி நேற்றே பேசிவிட்டேன். பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்.

அன்புடன்,
அண்ணன்